செப்புக் கூரையின் கீழ் வாசிக்க வேண்டிய ஓலை

மழை அளவாய்ப் பெய்க. கிணறுகள் வற்றாதிருக்க. நிழல் தரும் மரங்கள் கோடரிக்குத் தப்பி நிற்க.

முள்ளை வேலியாகவும் வெயிலைக் காவலாகவும் கொண்டு எவர்க்கும் திறை செலுத்தாத வெள்வேல நாட்டை ஆள்பவளும், பாழ்நிலத்தில் ஊருணிகள் தோண்டுவித்தவளும், அரண்மனைக் கொல்லைப்புறத்துக் கோழிகளுக்குத் தன் கையாலேயே தண்ணீர் வைப்பவளுமாகிய அரசி காரி நங்கை விடுக்கும் ஓலை. மூன்று ஆறுகள் பாயும் நீராழி நாட்டை உடையவரும், பொன் வேய்ந்த அரியணைக்கு உரியவரும், புலவர் வாயால் புகழ் கேட்டுக் கேட்டே செவி தடித்தவருமாகிய கடம்பராயர் முன்னிலையில் வாசிக்கப்படுவது.

உம் ஆறுகள் நலமா? உம் நெல்வயல்கள் நலமா? உம் யானைகளும் குதிரைகளும் அவற்றை எண்ணிச் சொல்லும் அதிகாரிகளும் நலமா? எம் முன்னோர் உம் முன்னோர்க்கு எழுதிய ஓலைகளிலெல்லாம் எம் கோழிகள் நலமா என்பதே முதற்கேள்வியாக இருக்கும். இம்முறை அதை எழுதவில்லை. விடை எமக்குத் தெரியும்.

இவ்வோலையைக் கொண்டுவரும் எம் தூதர் ஏறன் சாத்தன், உச்சிவேளையில், நீர் புதிதாய்க் கட்டிய கோழி மண்டபத்துக்குள், கதவையும் பலகணிகளையும் சாத்திவிட்ட பிறகே முத்திரையை உடைக்க வேண்டும் என்பது எம் கட்டளை. அந்நேரம் உள்ளிருக்கும் கோழிகளை வெளியே மரநிழலில் விட்டுவிட வேண்டும் என்பதும் கட்டளையே. அவை பட்டது போதும். கேட்போர் நீரும் உம் அமைச்சர் விழுப்பரையரும் மட்டும். விசிறி வீசுவோரும் குடை பிடிப்போரும் வெளியே நிற்க. கதவின் தாழ் சாத்தன் கையில் இருக்கும். இதைக் கேட்ட மாத்திரத்தில் நீர் கொதித்திருப்பீர் என்பதை அறிவோம். ஆயினும் மறுக்க உமக்கு வழியில்லை. பிணைப் பறவைகளைப் பற்றிய ஓலை அப்பறவைகள் வாழும் இடத்திலேயே, அனுப்பியவர் குறித்த வேளையில், குறித்த விதத்தில் வாசிக்கப்பட வேண்டும் என்பது உம் பாட்டனாரும் எம் பாட்டனாரும் முத்திரையிட்டு ஒப்பிய விதி. அதை மீறினால் பிணை முறிந்தது; பிணை முறிந்தால் எல்லை ஏரிக்கரையில் மறுபடியும் படைவீடுதான். ஆகவே வாரும், அமரும், பட்டு மெத்தை போட்டிருப்பார்கள், சாய்ந்துகொண்டு கேளும்.

உமக்கு மறந்திருக்கலாம் என்பதால் அப்பிணையின் வரலாற்றை நினைவூட்டுகிறோம். எல்லை ஏரிக்காக நம் பாட்டன்மார் பொருதார்கள். இருவரும் மூத்த மகனைப் பறிகொடுத்தார்கள். இரு பிணங்களும் எரிந்து அடங்கியபின் ஏரிக்கரையில் சந்தித்தபோது, பழைய வழக்கப்படி ஒருவர் மற்றவரின் எஞ்சிய பிள்ளையைப் பிணையாகக் கேட்க வேண்டும். கேட்க இருவருக்கும் நா எழவில்லை. அப்பொழுது எம் பாட்டனார், பிள்ளைக்குப் பதிலாகக் கோழியை அனுப்புவோம் என்றார். உம் பாட்டனார் சிரித்தாராம். எம் பாட்டனார் சிரிக்கவில்லை. யானையைப் பாகனிடம் விட்டுவிட்டு மறந்துவிடலாம், பொன்னைப் பெட்டியில் பூட்டிவிட்டு மறந்துவிடலாம், கோழியை அப்படி மறக்க இயலாது. காலையில் திறந்துவிட வேண்டும், பொழுதுக்கும் தண்ணீர் பார்க்க வேண்டும், மாலையில் அடைக்க வேண்டும். பகைவன் வீட்டுக் கோழிக்கு நாள்தோறும் தண்ணீர் வைக்கிற கை வாளை எடுக்குமுன் ஒரு கணமேனும் தயங்கும் என்று எடுத்துரைத்தார். உம் பாட்டனார் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒப்புக்கொண்டார்.

அன்றுமுதல் எம் நாட்டுச் சேவல் ஒன்றும் பேடைகள் பன்னிரண்டும் உம் அரண்மனைக் கொல்லையிலும், உம் நாட்டவை அதே கணக்கில் எம் கொல்லையிலும் வளர்ந்து வருகின்றன. முதிர்ந்தவை போக, அவ்விடத்தை நிரப்பத் தாய்நாட்டிலிருந்து குஞ்சுகள் வரும். அவற்றோடு வளர்ப்பாள் ஒருத்தியும் போவாள். கோழிகளின் காரியத்தில் அவள் சொல் அரசன் சொல்லுக்கும் மேலானது என்பதும் அதே ஓலையில் உள்ள விதி. உம் தந்தையார் காலத்தில், எம் வளர்ப்பாள் ஒருத்தி அரசவை கூடியிருந்த வேளையில் உள்ளே புகுந்து, கீரிப்பிள்ளை நடமாடுகிறது, ஆள் அனுப்புங்கள் என்று கேட்டாள். அவர் அவையைக் கலைத்துவிட்டுத் தாமே தடியெடுத்துக்கொண்டு போனார். அவர் அரசர்.

இப்போது உம் கொல்லைக்கு எம்மால் அனுப்பப்பட்டிருப்பவள் ஒச்சாயி. அவள் எம் பணிப்பெண் அல்லள். எம்மைப் பெற்றவள் இறந்தபின் எமக்குப் பால் கொடுத்தவள் அவளைப் பெற்றவள். ஒரே பாயில் படுத்து, ஒரே வட்டிலில் உண்டு, ஒரே கிணற்றடியில் சண்டையிட்டு வளர்ந்தோம். வாய் அதிகம் அவளுக்கு. அதை யாம் மறைக்கவில்லை. எம்மையே முகத்துக்கு நேராய் மூன்று முறை மடைச்சி என்று ஏசியிருக்கிறாள். மூன்று முறையும் அவள் சொன்னதே சரியாய் இருந்தது. உம்மிடம் அனுப்ப இவளைவிட நெருங்கியவர் எமக்கு இல்லை என்பதாலேயே அனுப்பினோம்.

இனி நடந்ததைச் சொல்கிறோம். உம் முடிசூட்டு ஆண்டு நிறைவுக்கு அழைக்கப்பட்டு வந்திருந்த ஏறன் சாத்தன் கண்ணால் கண்டது இது. அவர் பொய் சொல்கிறார் என்றால் இப்பொழுதே, அவர் முகத்தைப் பார்த்தே சொல்லும்.

உம் கொல்லைப்புறத்தில் இரண்டு புங்கமரங்களும் ஒரு புளியமரமும் இருக்கின்றன. அவற்றின் அடியில், பனையோலை வேய்ந்து நான்கு புறமும் மூங்கில் தட்டி வைத்த கூட்டில், மூன்று தலைமுறையாய் எம் கோழிகள் வெயிலும் மழையும் பார்த்து வாழ்ந்தன. அந்தக் கூடு உம் கண்ணை உறுத்தியது. அயல்நாட்டு மன்னர்கள் விழாவுக்கு வருகையில், பிணைப் பறவைகள் ஓலைக் கூட்டில் கிடப்பது நீராழி நாட்டின் மேன்மைக்கு இழுக்கு என்று விழுப்பரையர் உம் காதில் ஓதினார். உடனே கருங்கல் சுவர் எழும்பிற்று. செப்புத் தகடு வேய்ந்த கூரை ஏறிற்று. கல் தளம் பாவிய முற்றம் பரந்தது. அதன் நடுவே, ஒரு மரத்தின் நிழலும் எட்டாத இடத்தில், நீர் இப்பொழுது உட்கார்ந்திருக்கும் இந்த மண்டபம் நின்றது. கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் எம் கோழிகளைப் பல்லக்கில் ஏற்றி, மேளம் முழங்க இதற்குள் குடிபுகுத்தினீர். மேளச் சத்தத்திலேயே பாதி உயிர் போயிருக்கும்.

ஒச்சாயி மறுத்தாள். அவள் சொன்னதை அவள் பேச்சிலேயே சாத்தன் எமக்குச் சொன்னார்; அப்படியே எழுதுவித்தோம். "இது கோழிக்குக் கட்டுன வீடா, அப்பளம் காய வைக்கக் கட்டுனதா? செம்பு காஞ்சா அடுப்புல வச்ச கணக்கால்ல இருக்கும். காத்துப் போக ஒரு சந்து இல்ல. மரத்தடிக்கே கொண்டு போயிருங்க சாமி, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கைகூப்பிக் கேட்டிருக்கிறாள். எமக்கு முன்னால்கூட அவள் கைகூப்பியவள் அல்லள்.

விழுப்பரையர் என்ன செய்தார்? அவளைக் கொல்லைக்கு வெளியே நிறுத்தக் காவலருக்குக் கட்டளையிட்டார். வளர்ப்பாளின் சொல்லுக்கு மேல் அமைச்சரின் சொல் ஏறியது அக்கணத்தில்தான். பிணை முறிந்ததும் அக்கணத்தில்தான். பிறகு கோழிகள் செத்தபோது அல்ல.

அதன்பின் உம் விருந்தோம்பல் தொடங்கிற்று. கோழியின் வாடை விருந்தினர் மூக்கில் படலாகாது என்று பலகணிகளில் பட்டுத்திரை தொங்கவிட்டுச் சாத்தினார்கள். கண்ணேறு படலாகாது என்று கதவையும் அடைத்தார்கள். குடிக்கும் தண்ணீரை வெண்கல அண்டாவில் ஊற்றி, வாசலோரம் உள்ளே, கதவு திறந்தால் வெயில் விழும் இடத்தில் வைத்தார்கள், அழகாய் மின்னுமாம். மின்னிற்று, கொதிக்கவும் கொதித்தது. கொதிக்கிற தண்ணீரைக் கோழி தொடாது. இரையோ, வேளை கெட்ட வேளையில், நட்ட நடுப்பகலில், நெய் பிசைந்த கம்பஞ்சோறு. தீனி செரிக்கும்போது உடம்பு சூடேறும் என்பதை உம் அரண்மனையில் சோறு உண்ணும் ஒருவரும் அறியவில்லை போலும். போதாக்குறைக்கு விருந்தினர் வரும் நேரம் பார்த்து, பன்னீரைக் குடங்குடமாய் அவற்றின் மேல் கொட்டினார்கள். காற்று ஓடாத அறையில் நனைந்த கல்லும் சுட்ட கூரையும் சேர்ந்தால் என்ன ஆகும்? புட்டுப் பானையின் கதிதான்.

பிறகு கதவைத் திறந்து மன்னர்களுக்குக் காட்டினீர். எம் கோழிகள் வாயைப் பிளந்து, சிறகை உடலிலிருந்து விலக்கி விரித்து, கழுத்தை நீட்டி நின்றன. கோழிக்கு வியர்வை கிடையாது, கடம்பராயரே. அதன் உடம்புச் சூடு போக வேண்டுமானால் வாய் வழியாக மூச்சிரைத்துப் போக வேண்டும், கொண்டையின் வழியும் தாடியின் வழியும் போக வேண்டும், சிறகைத் தூக்கினால் அதனடியில் போக வேண்டும். வேறு வழி அதற்கு இல்லை. அது அப்படி நின்றால் சாகப் போகிறது என்று பொருள். ஆனால் உம் விழுப்பரையர் என்ன சொன்னார்? வெள்வேல நாட்டுக் கோழிகளும் சிறகை விரித்து எம் மன்னரை வணங்குகின்றன, வாய் திறந்து வாழ்த்துகின்றன, இது நன்னிமித்தம் என்றார். விருந்தினர் கைதட்டினார்கள். உம் அரசவைப் புலவர் அங்கேயே ஒரு பாட்டும் கட்டினார். நீர் புன்முறுவல் பூத்தீர். சாவைக் கண்டு பாட்டுக் கட்டிய அவையை யாம் இதற்குமுன் கேள்விப்பட்டதில்லை.

காவலரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த ஒச்சாயி உம் அமைச்சரிடம் சொன்னதும் எம்மிடம் வந்து சேர்ந்தது. "கும்புடலய்யா அது, உசுருக்குத் தவிக்குது. நீங்க ஒரு நாழி இதுக்குள்ள கதவச் சாத்திக்கிட்டு இருந்து பாருங்க, அப்புறம் சொல்லுங்க நிமித்தம்" என்றாள். அவளை இழுத்துப் போனார்கள். கதவு மறுபடியும் சாத்தப்பட்டது.

அன்று மாலைக்குள் ஒன்பது பேடைகள் மடிந்தன. எஞ்சிய மூன்று பேடையும் சேவலும் பிழைத்தது யாரால்? காவலர் விருந்துச் சோற்றுக்குப் போன சமயம் பார்த்து அவள் கதவை உடைத்தாள். மூச்சிருந்தவற்றை வாரிக்கொண்டு புங்கமர நிழலுக்கு ஓடினாள். அகன்ற சட்டியில் கணுக்கால் அளவுக்குக் கிணற்றுத் தண்ணீர் விட்டு, அவற்றின் கால்களை அதில் நிற்கவைத்து, கொண்டையையும் தாடியையும் நனைத்து, அலகோரம் துளித் துளியாய் நீர் காட்டி மீட்டாள். எம் நாட்டில் வெயில் தாக்கிய கோழிக்குச் செய்வது இதுதான். ஊரில் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இனி உம் ஓலைக்கு வருவோம். அதைச் சாத்தன் கையிலேயே கொடுத்தனுப்பினீர். அதில் நீர் எழுதியிருப்பது இது: வெள்வேல நாடு நெருப்பு நாடு, அந்நெருப்பில் பிறந்த கோழி குளிர்ந்த நீராழி நாட்டு வெயிலில் சாகாது, ஆதலால் அவை நஞ்சால் செத்தன, நஞ்சிட்டவள் ஒச்சாயி, பிணையை முறிக்க அவளை ஏவியது யாம், அவள் கதவை உடைத்தது நஞ்சை மறைக்க, கோழிகளின் காலைக் கழுவியது காலில் பூசிய நஞ்சைப் போக்க. அவள் ஒப்புக்கொள்ளும் வரையில் நாள்தோறும் உச்சிப்பொழுதில் மண்டபத்து முற்றத்தில், சுடுகல்லின் மேல், வெறுங்காலோடு நிறுத்தப்படுவாள். இவ்வளவையும் வாய் கூசாமல், முத்திரை வேறு இட்டு எழுதியிருக்கிறீர்.

உயிரைக் காத்த செயல்களையே ஒவ்வொன்றாய் எடுத்துக் குற்றமாக அடுக்கியிருக்கிறாரே உம் அமைச்சர், அவர் மூளைக்குத் தனியே ஒரு செப்புக் கூரை வேய்ந்திருக்கிறீர்களா?

நெருப்பு நாட்டவர் வெயிலுக்கு அஞ்சமாட்டார் என்று நினைக்கிறீர். யாம் அஞ்சுகிறோம். அஞ்சுவதால்தான் பிழைத்திருக்கிறோம். எம் நாட்டில் வீடு கட்டுமுன் மரத்தைப் பார்ப்பார்கள். நீர் வீடு கட்ட மரத்தை விட்டு விலகிப் போகிறீர். உமக்கு மூன்று ஆறுகள் இருக்கின்றன, வெயில் உமக்குக் கவிதையில் வரும் பொருள். எமக்கு அது வாசலில் நிற்கும் ஆள்.

சான்று வேண்டுமா? உம் கோழிகள் எம் கொல்லையில் இருக்கின்றன. கொழுத்த உடம்பு, தடித்த இறகு, காலில்கூட மயிர். ஆற்றங்கரைக் குளிருக்கென்றே பிறந்தவை. உம் கணக்குப்படி எம் வெயிலில் அவை ஒரு கோடையும் தாங்கக்கூடாது. பன்னிரண்டும் உயிரோடு இருக்கின்றன. சேவல் காலையில் எம்மைத் தூங்கவிடாமல் கத்துகிறது, உம்மைப் போலவே. முட்டை மட்டும் கோடையில் கொஞ்சம் குறையும். அதற்காக யாம் எவரையும் கல்லில் நிறுத்துவதில்லை. அவற்றை எப்படிக் காக்கிறோம் என்று சொல்கிறோம். நட்பினால் அன்று. எஞ்சிய நாலு உயிர் உம் கையில் இருக்கிறதே என்ற அச்சத்தால்.

கூட்டின் மேல் ஓலை, ஓலையின் மேல் பகலில் ஓயாமல் நனைக்கும் வைக்கோல். சுவர் இல்லை, தட்டி மட்டும், அதுவும் காற்று வரும் பக்கம் தூக்கிக் கட்டியிருக்கும். மேற்கு வெயிலுக்கு மட்டும் ஒரு ஈரத்துணி. தண்ணீர் மண்சட்டியில், ஒரு சட்டி அன்று, நிழல் இருக்கும் இடமெல்லாம் ஒரு சட்டி, வலியது ஒன்று எளியதை விரட்டினால் எளியது வேறு சட்டிக்குப் போகும்படி. வெயில் ஏறும்போதும் இறங்கும்போதும் கொட்டிவிட்டுப் புதிது ஊற்றுவோம். தீனி, கிழக்கு வெளுக்கும்போது கொஞ்சம், வெயில் தாழ்ந்தபின் மிச்சம். நடுப்பகலில் தானியம் கண்ணில் காட்டமாட்டோம். வெள்ளரிப் பிஞ்சு, தர்ப்பூசணித் தோல், கீரைத்தண்டு, நறுக்கிய சின்ன வெங்காயம், நீர்மோர், இவ்வளவுதான். மரத்தடியில் ஒரு குழி தோண்டி, மேல்மண்ணைப் புழுதியாக விட்டு அடிமண்ணை ஈரமாக வைத்தால் அவை தாமே புதைந்து படுத்துக்கொள்ளும். அவ்வேளையில் அவற்றை ஒருவரும் துரத்தக்கூடாது, தூக்கக்கூடாது, வேடிக்கை பார்க்கவும் கூடாது. அடைக்கும் கூட்டில் நெருக்கம் ஆகாது. வாய் பிளந்தால் உடனே பார்க்க வேண்டும். உம் நாட்டிலிருந்து வந்த வளர்ப்பாள் மதுரவல்லி முதற்கோடையில் எம்மோடு சண்டை பிடித்தாள், தன் ஊர் வழக்கமே சரி என்று. ஒரு நடுப்பகல் அவளே கொல்லையில் மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பினோம். இப்பொழுது எம்மைவிட அவள்தான் வைக்கோலை நனைக்கிறாள். அவளை யாம் சிறையிடவில்லை, பதிலுக்குப் பதில் நிறுத்தவும் இல்லை. நிறுத்த வேண்டும் என்று எம் அவையில் சிலர் சொன்னார்கள். அவள் அப்பொழுது சட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். எமக்கு மனம் வரவில்லை.

கோழிக்காகப் போர் தொடுத்தாள் என்று நாளை உம் புலவர் எள்ளி நகையாடலாம். ஒன்பது பேடைகளுக்காக யாம் போருக்கு வரமாட்டோம். அவற்றுக்காக அழுதோம், அதை மறைக்கவில்லை. ஒவ்வொன்றையும் குஞ்சாய்க் கையில் ஏந்தி அனுப்பியது யாம். ஆனால் ஒச்சாயிக்காக வருவோம். எல்லை ஏரியின் இக்கரையில் எம் குதிரைகள் நிற்கின்றன. அவற்றுக்கும் நிழல் பார்த்துக் கட்டியிருக்கிறோம். எத்தனை நாள் வேண்டுமானாலும் நிற்கும். சாத்தன் புறப்பட்டபோது அவள் உயிரோடு இருந்தாள், உதடு வெடித்திருந்தது, பாதம் கொப்பளித்திருந்தது, ஒப்புக்கொள்ளவில்லை. இன்று எப்படி இருக்கிறாள் என்று எமக்குத் தெரியாது. ஒரு பாயில் படுத்தவள், கடம்பராயரே. கோழிகளைக் கொன்ற அதே முற்றத்தில், அதே வெயிலில், அதே அறியாமையால் அவளையும் கொன்றுகொண்டிருக்கிறீர்.

இதற்குள் உமக்கு வியர்த்திருக்கும்.

பட்டு மேலாடை முதுகில் ஒட்டியிருக்கும். அமைச்சர் தலைப்பாகையைக் கழற்றலாமா என்று உம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். மேலே செப்புத் தகடு படபடவென்று ஒலிப்பது கேட்கிறதா? வெயிலில் உலோகம் விரிகிற சத்தம் அது. எம் கோழிகளும் அதைக் கேட்டுக்கொண்டுதான் செத்தன. வாய் உலர்ந்திருந்தால் வாசலோரம் வெண்கல அண்டாவில் தண்ணீர் இருக்கும், குடித்துப் பாரும். நீர் சிறகில்லாதவர், வியர்வை உள்ளவர், உள்ளே வந்து ஒரு நாழிகை ஆகியிராது. அமைச்சர் வாயைத் திறந்து மூச்சு விடுகிறாரா என்று பாரும். விடுகிறார் என்றால், உம்மை வாழ்த்துகிறார் என்று கொள்ளலாமா? நிமித்தம் பார்க்க அவரையே கேட்கலாம்.

ஒச்சாயி அன்று கேட்டது இவ்வளவுதான். அவள் சொல்லுக்கு உம் அவையில் இடம் இல்லாததால், அதே சொல்லை யாம் முத்திரையிட்டு அனுப்பவேண்டியதாயிற்று.

இனி எம் தீர்ப்பைக் கேளும். கதவைத் திற என்று நீரோ அமைச்சரோ சொன்ன மறுகணம் சாத்தன் தாழை விலக்குவார். அவருக்குக் கட்டளை அப்படி. வெப்பம் கொல்லாது, நஞ்சுதான் கொன்றது என்று இன்னமும் நம்புகிறவருக்குக் கதவைத் திறக்கச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. அவர் மாலைவரை இங்கேயே அமர்ந்திருக்கலாம், சாத்தனும் உடன் இருப்பார், அவர் வெள்வேல நாட்டவர், பழகியவர். மாலையில் வெளியே வந்து அவளே குற்றவாளி என்று அறிவித்தால், அவளை விலங்கிட்டு எம்மிடம் அனுப்பும், யாம் போர் தொடுக்கமாட்டோம், சத்தியம். அதற்கு முன்னே எவர் வாயிலிருந்து திற என்ற சொல் வருகிறதோ, அவர் கோழிகளைக் கொன்றது எது என்று தம் வாயாலேயே சாட்சி சொல்லிவிட்டார். அந்தச் சாட்சியின்மேல் பின்வருவன எம் ஆணை. வேண்டுகோள் என்று எவரும் திரித்து வாசிக்க வேண்டாம்.

ஒச்சாயியை அக்கணமே விடுவிக்க. எஞ்சிய நான்கு உயிரையும் புங்கமரத்தடிக்கு, ஓலைக் கூட்டுக்கு, அவள் கைக்குத் திருப்ப. அவள் அங்கே இருக்க விரும்பினால் இருக்க. திரும்ப விரும்பினால் சாத்தனுடன் அனுப்ப. இம்மண்டபத்தின் செப்புத் தகட்டை உரித்து உம் அரியணைக்கு மேல் வேய்ந்துகொள்க. விழுப்பரையர் இக்கோடை முடியும்வரை கோழிச்சட்டிக்குத் தண்ணீர் மாற்றுக. வெயில் ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை, அவள் சொல் கேட்டு. பிணைக் கோழிகள் பற்றிய பழைய விதி முன்போலவே நிற்க.

சாத்தன் தோளில் ஒரு மண்குடம் இருக்கிறது, ஈரத்துணி சுற்றியது, எம் ஊருணித் தண்ணீர். தாகத்தில் நீர் அதைக் கேட்பீர் என்பதை அறிந்தே அனுப்பினோம். அது உமக்கு அன்று.

கதவு திறந்ததும் நேர் எதிரே பாரும். முற்றத்தில், கல்லின் மேல், வெறுங்காலோடு, உம் கட்டளைப்படி ஒருத்தி நிற்பாள். நிற்கவில்லை என்றால், அங்கே வெறுங்கல் மட்டும் இருந்தால், சாத்தன் குடத்தைக் கீழே வைத்துவிட்டு ஏரிக்கரைக்குத் திரும்புவார். அதன்பின் நமக்குள் ஓலை இல்லை. நின்றால், நீரே இறங்கிப் போக வேண்டும். பல்லக்கு வேண்டாம், குடை வேண்டாம், பாதரட்சையும் வேண்டாம். அந்தக் கல்லின் மேல் நடந்து போய், அவள் கையைப் பிடித்து நிழலுக்குக் கூட்டி வந்து, அவள் முதலில் குடிக்கும்வரை குடத்தை ஏந்தி நிற்க வேண்டும்.

வேலமுள் பொறித்த எம் முத்திரையை எம் கையாலேயே இட்டோம். எழுதியவர் எம் ஓலைநாயகம், சொன்னது யாம், ஒப்பம் காரி நங்கை.

சாத்தரே, வாசித்தது போதும். தாழில் கை வைத்துக்கொள்ளும். அவர் வாயைத் திறக்கட்டும்.